பல மொழி வீட்டில் பேச்சு தாமதமானால்

“வீட்டில் தமிழ், ஆயா மலாய், பக்கத்து வீட்டில் ஹொக்கியன், தொலைக்காட்சியில் ஆங்கிலம். அதில் குழம்பித்தான் பிள்ளை பேசவில்லையோ?” ஜார்ஜ்டவுன் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இல்லை. பல மொழிகளைக் கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. அப்படி நம்பி, உண்மைக் காரணத்தைத் தேடாமல் மாதக்கணக்கில் இருந்துவிடுவதுதான் ஆபத்து.

கருவில் ஏறத்தாழ 25ஆம் வாரத்திலேயே குழந்தைக்கு ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாள்களில் தாயின் குரலை இனம் காண்கிறது. முதல் ஆறு மாதங்களில் எந்த மொழியின் ஒலியையும் பிரித்தறியும். பிறகு காதில் விழாத ஒலிகளில் அந்தக் கூர்மை மழுங்கும். வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தி ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். நம் ‘த’, ‘ட’ போன்ற வேறுபாடுதான். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் கண்டுபிடித்தனர். ஒரு வயதை எட்டியவர்களில் மிகச் சிலரே. புழங்கும் நரம்பிணைப்புகள் (மூளைச் செல்கள் செய்தி பரிமாறும் சந்திகள்) வலுப்படுகின்றன, புழங்காதவை களையப்படுகின்றன. இந்தக் களையெடுப்பு பதின்ம வயதிலும் நடக்கிறது; திட்டமிடவும் நிதானிக்கவும் உதவும் முன்மூளைப் பகுதி முதிர 25 வயதுகூட ஆகலாம். ஆகவே மூன்று வயதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பதற வேண்டாம்.

எப்போது கவனிக்க வேண்டும்? ஒரு வயதில் மழலை ஒலியே இல்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, 18 மாதத்தில் ஒரு சொல்லும் வரவில்லை, இரண்டு வயதில் “அம்மா வா” போல இரு சொல் சேரவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள். ‘பால்’ ஒன்று, அதையே மலாயில் சொல்லும் ‘சூசு’ ஒன்று. பேசிய சொற்களை இழந்தால் எந்த வயதானாலும் உடனே காட்டுங்கள். “அவன் அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான்” என்று பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது பரிசோதனைக்கு ஈடாகாது.

முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. நடுக்காதில் நீர் தேங்கினாலே பேச்சு தடைப்படலாம். கதவுச் சத்தத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கும் மெல்லிய மெய்யொலிகள் கேட்காமல் இருக்கலாம். 18 மாதச் சந்திப்பில் கிளினிக் தாதி கேட்கும் கேள்விகளுக்கு மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். நாக்கில் வசம்பு தேய்ப்பதும் தேன் தடவுவதும் பேச்சைக் கொண்டுவராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் (தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சுநோய்) வரக்கூடும்.

தமிழை நிறுத்த வேண்டாம். உங்களுக்குச் சரளமான மொழியிலேயே பேசுங்கள். குளிப்பாட்டும்போது “கை எங்கே?” என்று கேட்டு, பதிலுக்கு நிறுத்திக் காத்திருங்கள், பார்வையோ முனகலோ அதுவும் பதில்தான். இரண்டு வயதுக்குள் கைப்பேசித் திரை வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை. சோதனைக்கான தேதி தள்ளிக் கிடைத்தாலும் இவற்றை இன்றே தொடங்கலாம்.