தொலைவும் ஓர் அறமே: டெலிபோட்டோ லென்ஸும் அகிம்சையும்

கொல்லாமை என்னும் அறத்தை நாம் பெரும்பாலும் உணவோடும் தொழிலோடும் சேர்த்தே எண்ணுகின்றோம். பொழுதுபோக்கிலும் அதற்கு இடமுண்டு. இந்நாளில் நம் இளைஞர் பலர் விடுமுறை தோறும் காமிராவுடன் ஆற்றங்கரைக்கும் ஏரிக்கரைக்கும் சென்று பறவைகளையும் விலங்குகளையும் படமெடுத்து மகிழ்கின்றனர். வேட்டையாடிய காலம் போய்ப் படமெடுக்கும் காலம் வந்தது நன்றே. ஆயினும், படமெடுப்பதாலும் உயிர்கள் துன்புறக்கூடும். அத்துன்பம் எவ்வாறு நேர்கின்றது, டெலிபோட்டோ லென்ஸ் அதனை எவ்வளவு தவிர்க்கும், எஞ்சியதை நாம் எவ்வாறு தவிர்ப்பது என்பனவற்றை இங்கு ஆராய்வோம்.

மலைக்கோட்டையும் காவிரி மணலும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில், உச்சிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம், இயற்கைக் குகை ஒன்றும் அதனுள் கற்படுக்கைகளும் உள்ளன. சமண முனிவர்கள் தங்கித் தவம் செய்த இடம் அது. சிரா என்னும் முனிவரின் பள்ளியே சிராப்பள்ளி ஆயிற்று எனக் கருதும் அறிஞரும் உளர். அமருமுன் மயிற்பீலியால் இடத்தை மெல்லத் துடைத்து, எறும்பு முதலிய சிற்றுயிர்களுக்கு ஊறு நேராமல் காப்பது முனிவர்களின் ஒழுக்கம் என்பதை வாசகர்கள் அறிவர்.

அம்மலை மீதிருந்து வடக்கே நோக்கினால் காவிரியும், ஸ்ரீரங்கத் தீவும், அப்பால் கொள்ளிடமும் தோன்றும். கோடையில் நீர் வற்றி மணல் விரியும்போது கொக்கு, நாரை, மீன்கொத்தி, ஆள்காட்டி முதலிய பறவைகளை அங்கு எளிதில் காணலாம். படமெடுப்போரும் இம்மணற்பரப்பையே நாடி வருவர். ஆகவே நம் பாடத்திற்கு இவ்விடமே தக்கது.

லென்ஸ் செய்யும் உதவி

சாதாரணக் காமிராவில் 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் இருப்பது வழக்கம். அதற்குப் பதிலாக 400 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் உருவம் எட்டு மடங்கு பெரிதாகப் பதிவாகும். அஃதாவது, சிறிய லென்ஸைக் கொண்டு 5 மீட்டர் தொலைவில் நின்று எடுக்கும் அளவுக்கே, பெரிய லென்ஸைக் கொண்டு 40 மீட்டர் தொலைவில் நின்று எடுத்துவிடலாம். அந்த 35 மீட்டர் இடைவெளியே லென்ஸ் நமக்குத் தரும் அறக்கொடை.

உருவத்தைப் பெரிதாக்கும் லென்ஸ் கையின் நடுக்கத்தையும் பெரிதாக்கும். ஆதலின் 400 மி.மீ. லென்ஸுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒரு விநாடியில் 400-இல் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. முக்காலித் தாங்கியோ, தானியம் நிரப்பிய துணிப்பையோ காமிராவைத் தாங்குமாயின் படம் தெளிவாகும். தாங்கியை ஊன்றுமுன் தரையைப் பார்த்து ஊன்றுதல் வேண்டும்.

மற்றொரு தடை வெயில். சுட்ட மணலின் மேல் காற்று அடுக்கடுக்காகச் சூடேறி, ஒளியை வளைத்து, காட்சியை நடுங்கச் செய்யும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் அந்த நடுக்கத்தை நீக்காது. படம் தெளியவில்லையே என்று பலர் அப்போதுதான் பறவையை நெருங்கிச் செல்கின்றனர். அதிகாலையில் சென்று, வெயில் ஏறுமுன் திரும்புவதே தக்க வழி.

ஆள்காட்டியின் முட்டைகள்

நண்பகலில் நெருங்குவதால் நேரும் தீங்கு யாது? ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெற்றுத் தரையில் சிறு பள்ளம் பறித்து, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். மண்ணின் நிறமும் புள்ளிகளும் கொண்ட அம்முட்டைகள் கண்ணுக்குப் புலப்படுதல் அரிது. இனப்பெருக்கக் காலம் மார்ச் முதல் ஆகஸ்டு வரை. திருச்சியின் கடும் வெயிலும் அக்காலத்தில்தான். கோடையில் தாய்ப்பறவை முட்டைகளின் மேல் அமர்வது அவற்றை வெயிலினின்று காக்கவும் ஆகும். நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு.

இந்நிலையில் ஒருவர் அருகே சென்று நின்றால், தாய் எழுந்து கூவிக்கொண்டு சுற்றிப் பறக்கும். அக்காட்சி அழகியது என்று அவர் மேலும் படமெடுப்பார். அவ்வளவு நேரமும் முட்டைகள் வெயிலில் கிடக்கும். காகங்களும் அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளும். அவர் எவ்வுயிரையும் தொடவில்லை. கல்லெடுத்து எறியவும் இல்லை. எனினும் நான்கு உயிர்கள் அழியக் காரணமாகிவிடக் கூடும். துன்புறுத்தும் எண்ணம் இல்லாதிருத்தல் மட்டும் போதாது, கவனமும் வேண்டும் என்று நம் ஆசாரியர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

ஐந்து அதிசாரங்கள்

அகிம்சை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்கள் கூறப்பட்டுள்ளன. அவற்றைப் படமெடுப்போர் செயல்களோடு பொருத்திப் பார்ப்போம்.

1. பந்தம், கட்டி வைத்தல். வண்ணத்துப்பூச்சியைப் பிடித்து அடைத்து வைத்துப் படமெடுத்தல் இதன்பாற்படும்.

2. வதம், அடித்தல். பறக்கும் படம் வேண்டிக் கல்லெறிந்தும் கைதட்டியும் பறவைக் கூட்டத்தைக் கலைத்தல் இதற்கு நிகர்.

3. சேதம், வெட்டுதல். கூடு நன்கு தெரிவதற்காக மறைக்கும் கிளைகளை வெட்டினால் வெயிலும் பகையும் கூட்டுக்குள் புகும்.

4. அதிபாராரோபணம், அளவிறந்த சுமை ஏற்றுதல். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 1999-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. அங்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்து இமயத்தைக் கடந்து வருவது. இளைப்பாறும் அதனை மீண்டும் மீண்டும் எழுப்பிப் பறக்கவிடுதல் சுமை ஏற்றுதலே.

5. அன்னபான நிரோதம், உணவும் நீரும் தடுத்தல். இரையோடு வரும் தாய்ப்பறவை, கூட்டருகே மனிதர் நிற்பதால் தயங்கிக் கிளையிலேயே காத்திருக்குமாயின், அவ்வளவு நேரமும் குஞ்சுகளின் உணவு தடுக்கப்படுகின்றது.

நாட்டின் சட்டமும் இதற்கு இயைந்ததே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டைகளுக்கும் கூடுகளுக்கும் இடையூறு செய்தலும் அடங்கும். காமிரா ஏந்தியவரும் வேட்டைக்காரர் ஆகக்கூடும் என்பது இதனால் விளங்கும். இக்காலத்துப் போட்டிகள் பல, கூட்டில் எடுத்த படங்களை ஏற்பதில்லை.

ஒரு முன்னோடி

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். 1950 முதல் இறுதிவரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். அதனைக் கொண்டு கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளைப் படமெடுத்தார். விலங்கின் இயல்பை நன்கறிந்திருந்தமையே அவருடைய முதற்கருவி எனலாம்.

அக்காலத்துப் பிலிமின் மேற்பூச்சில் ஜெலட்டின் இருந்தது. அது விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றினின்று எடுக்கப்படுவது. டிஜிட்டல் காமிராவில் பிலிம் இல்லையாதலால் நமக்கு அந்த உறுத்தல் இல்லை. மேலும், அதில் எடுத்த படத்தைப் பின்னர் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். ஆகவே இன்னும் பத்தடி பின்னே நிற்க நமக்குத் தடையில்லை.

லென்ஸ் உதவாத இடம்

கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022-இல் அறிவிக்கப்பட்டது. தேவாங்கு இரவில் இயங்குவது, பெருங்கண்கள் உடையது. இருளில் டெலிபோட்டோ லென்ஸுக்கும் ஒளி வேண்டும். அதன் கண்ணில் வலிய விளக்கைப் பாய்ச்சிய பின், நூறு அடி தள்ளி நின்றோம் என்பதில் பயன் என்ன? இத்தகைய இடத்தில் படமெடாமல் திரும்புதலே விரதம்.

பயிற்சி

முதல் முறை செல்லும்போது காமிராவை எடுத்துச் செல்லாமல், அரை மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு பறவையை மட்டும் நோக்குக. அது மேய்கின்றதா, இறகு கோதுகின்றதா, உறங்குகின்றதா என்று குறித்துக்கொள்க. பின்னர்க் காமிராவுடன் செல்லும்போது, அது மேய்வதை விட்டுத் தலை நிமிர்ந்து நம்மை நோக்குமாயின், நாம் எல்லையை அடைந்துவிட்டோம். அங்கேயே அசையாது நிற்க. அது கூவத் தொடங்கினாலோ, இறகொடிந்தது போல நடித்தாலோ, எழுந்து பறந்தாலோ எல்லையைக் கடந்துவிட்டோம்; வந்த வழியே திரும்புக. கூடு இருக்குமிடத்தைப் பிறருக்குக் கூறற்க. படம் சிறிதாக அமைந்தால் வருந்த வேண்டா. மணலும் நீரும் சூழ, தன் தொழிலில் ஈடுபட்டிருக்கும் பறவையின் சிறிய படம், அஞ்சிய கண்ணின் பெரிய படத்தினும் மேலானது. நாம் வந்து சென்றதையே அறியாமல் அப்பறவை தன் முட்டைகளின் மேல் அமர்ந்திருக்குமாயின், அன்று எடுத்த படம் நல்ல படம்.