வெள்ளைச் சேலை போதுமா?

கேள்வி: ‘சிம்ஸ் 4’ கணினி விளையாட்டில் பாடகியும் நடிகையுமான கே. பி. சுந்தராம்பாளை உருவாக்கினேன். முகமும் வெள்ளைச் சேலையும் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனாலும் அவராகத் தெரியவில்லையே, ஏன்? (வாசகர், கல்முனை)

பதில்: சுந்தராம்பாளை ஊரறியச் செய்தது குரல். அந்த விளையாட்டின் பாத்திரங்களோ பொருளற்ற ஒரு கற்பனை மொழியில் பேசிப் பாடுபவை. முக்கியமானதே அங்கு இல்லாதபோது முகத்தைச் செதுக்கிப் பயனில்லை. மிஞ்சியிருப்பவை அவர் எடுத்த முடிவுகள். 1920களில் கொழும்பு மேடையிலும் பாடிய அவர், 1933இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா இறந்தபோது இருபத்தைந்து வயதுக்காரி. அதன்பின் வெள்ளை உடுத்தார், எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடத்தையே ஏற்றார். அதற்கு வாங்கிய ஒரு லட்சம் ரூபாய் அக்காலத்தில் பெரும் பேச்சு. 1958இல் சென்னை மாநில மேல்சபை உறுப்பினரும் ஆனார். ஆகவே அந்தச் சேலை அலங்காரமல்ல, ஒரு தீர்மானத்தின் விளைவு.

ஆனால் விளையாட்டில் பாத்திரத்தைத் தன்போக்கில் விட்டால் அது பக்கத்து வீட்டாரைக் காதலிக்கக்கூடும். தன்னியக்கத்தை நிறுத்துங்கள், ஜோடி சேராமலே புகழ் பெற வேண்டும் என விதி வையுங்கள். ‘வெறும் விளையாட்டுக்கு இத்தனை கட்டுப்பாடா?’ என்று கேட்கலாம். வேறு வாழ்க்கையைக் கற்பனை செய்வதில் குற்றமில்லை. அப்போது பெயரையும் மாற்றிவிடுவதே நேர்மை. உண்மைப் பெயரை வைத்தால், அவர் மறுத்தவற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும்.