ஆற்றுநீரும் ஆமைகளும்: மர்ரே ஆறு தரும் பாடம்

மழை குறைந்த வறண்ட நாடுகளில் ஆற்றுநீரைத் தேக்கிவைக்காமல் பயிர்த்தொழில் நடவாது. ஆயினும், ஆற்றின் நீர் முழுவதையும் மனிதன் தன் தேவைக்கே திருப்பிக்கொண்டால், அவ்வாற்றை நம்பி வாழும் பிற உயிர்களின் கதி என்னவாகும்? நமக்குத் தெற்கே உள்ள ஆஸ்திரேலியா இக்கேள்விக்குப் பல ஆண்டுகளாக விடை தேடி வருகிறது. அந்த அனுபவத்தை நாமும் அறிந்துகொள்வது நலம்.

ஆறும் அணைகளும்

மர்ரே, டார்லிங் ஆகிய ஆறுகளும் அவற்றின் துணையாறுகளும் பாயும் படுகையின் பரப்பு பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். இது ஆஸ்திரேலிய நிலப்பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகும். கிழக்கு மலைகளில் தோன்றும் மர்ரே ஆறு சுமார் 2,500 கிலோமீட்டர் ஓடித் தென் ஆஸ்திரேலியாவில் கடலைச் சேர்கிறது. நெல், பருத்தி, திராட்சை முதலியன இப்படுகையின் நீரால் விளைகின்றன.

முற்காலத்தில் குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் மழைநீரும் உருகிய பனிநீரும் சேர்ந்து ஆறு பெருகும், கரைகடந்து தாழ்நிலக் குட்டைகளை நிரப்பும், கோடையில் ஒடுங்கும். 1936இல் ஹியூம் அணையும், 1979இல் டார்ட்மவுத் அணையும் கட்டி முடிக்கப்பட்டன. இவை வசந்தகால வெள்ளத்தைத் தேக்கி, பயிர்களுக்குத் தேவையான கோடைக்காலத்தில் திறந்துவிடுகின்றன. இதனால் ஆற்றின் இயல்பான பருவமே தலைகீழாயிற்று. வெள்ளம் வராமையால் பல குட்டைகள் வறண்டன.

ஆமைகளின் நிலை

இப்படுகையில் மூவகை நன்னீர் ஆமைகள் வாழ்கின்றன. இவற்றுள் நெடுங்கழுத்து ஆமை வறட்சியைத் தாங்கும் திறன் பெற்றது. குட்டை வற்றினால் தரைவழியே நடந்து வேறு நீர்நிலையைத் தேடும். அல்லது சருகுகளுக்கடியில் புதைந்து மழைக்காகக் காத்திருக்கும். ஆனால், அடுத்தடுத்துப் பல ஆண்டுகள் குட்டைகள் நிரம்பாவிடில் இத்திறனும் பயன்படுவதில்லை.

மற்றொரு பகை செந்நரி. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்த இவ்விலங்கு, ஆற்றங்கரையில் ஆமை இட்ட முட்டைகளைத் தோண்டித் தின்கிறது. பத்துக் கூடுகளில் ஒன்பதுக்கு மேல் இவ்வாறு அழிந்த இடங்கள் உண்டு.

ஆமை பல பத்தாண்டுகள் வாழும் உயிர். ஆகவே குஞ்சுகளே பொரிக்காத ஆற்றிலும் முதிய ஆமைகள் நெடுங்காலம் தென்பட்டுக்கொண்டிருக்கும். பார்ப்பவர் குறையொன்றும் இல்லை என்று எண்ணிவிடுவர். மர்ரே ஆற்றுப் பகுதியில் 1976 முதல் 1982 வரையிலும், பின்னர் 2009 முதல் 2011 வரையிலும் பொறிவைத்துப் பிடித்த ஆமைகளை ஆய்வாளர் ஒப்பிட்டனர். நெடுங்கழுத்து ஆமைகள் கிடைத்த அளவு 91 விழுக்காடும், குறுங்கழுத்து ஆமைகள் கிடைத்த அளவு 69 விழுக்காடும் குறைந்திருந்தன.

ஆமைகள் குறைவது ஆற்றுக்கும் கேடாகும். செத்து மிதக்கும் மீன்களைத் தின்று நீரைத் தூய்மையாக வைத்திருப்பவை அவையே.

பெரும் வறட்சி

1997 முதல் 2009 வரை அங்கே கடும் வறட்சி நிலவியது. முகத்துவாரத்தை ஒட்டிய அலெக்சாண்டிரினா ஏரியின் நீர்மட்டம் 2009இல் கடல்மட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கியது. அப்பகுதியில் நீர் உப்பேறியதால், உவர்நீரில் வாழும் ஒருவகைக் குழாய்ப்புழு பெருகி ஆமைகளின் ஓடுகளின்மேல் சுண்ணாம்புக் கூடுகளைக் கட்டிற்று. அச்சுமையால் ஆமைகள் நீந்தவும், தலையை உள்ளிழுக்கவும் இயலாமல் தவித்தன. அப்பகுதிப் பள்ளி மாணவர்கள் ஆமைகளைச் சேகரித்து, ஓடுகளில் படிந்தவற்றை நீக்கி, நன்னீரில் விட்டனர். சிறுவர்கள் ஆற்றிய இத்தொண்டு பாராட்டுக்குரியது.

பங்கீடு எளிதன்று

2007இல் நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, ஆற்றின் நலனுக்கென நீர் உரிமைகளைப் பெற்று நிர்வகிக்கத் தனி அதிகாரி நியமிக்கப்பட்டார். விவசாயத்துக்கு எடுக்கும் நீரைக் குறைக்கும் யோசனை 2010இல் வெளியானபோது, கிரிபித் நகரில் கூடிய விவசாயிகள் அந்த அறிக்கையைத் தீயிட்டுக் கொளுத்தினர். நீர் குறைந்தால் வயலில் வேலை குறையும். வேலை குறைந்தால் ஊரே காலியாகும் என்பது அவர்களது அச்சம். அன்றாட உழைப்பால் வாழும் நாம் அவ்வச்சத்தைப் புரிந்துகொள்ள முடியும்.

2012இல் வகுக்கப்பட்ட திட்டம், ஆண்டுக்கு 2,75,000 கோடி லிட்டர் நீரை ஆற்றுக்குத் திருப்புவதை இலக்காகக் கொண்டது. பின்னர் அதில் திருத்தங்கள் செய்யப்பட்டன. விற்க விரும்புவோரிடம் நீர் உரிமையை அரசு விலைக்கு வாங்கியது. நீர் வீணாகாதபடி வாய்க்கால்களைச் செப்பனிடப் பொருளுதவியும் அளித்தது. இவ்வாறு சேமித்த நீரை உரிய பருவத்தில் திறந்து குட்டைகளை நிரப்புகின்றனர். கரையோர மக்கள் ஆமைக் கூடுகளின்மேல் கம்பிவலை பதிக்கின்றனர். நரியைத் தடுக்கும் அவ்வலையின் கண்கள் வழியே குஞ்சுகள் வெளிவர முடியும்.

நாம் செய்யக்கூடியவை

நம் நாடு வறண்ட நாடன்று. ஆயினும் நம் ஆற்று ஆமையான துந்தோங்கும் ஆற்றோர மணல்மேட்டில்தான் முட்டையிடுகிறது. மணல் அள்ளுவதாலும் முட்டைகளை உணவுக்காக எடுப்பதாலும் அது அருகிவிட்டது. பேராக் மாநிலத்தின் போத்தா கானானில் வனவிலங்கு இலாகா அதன் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்துவருகிறது.

துந்தோங் முட்டைகளை வாங்காமலும் உண்ணாமலும் இருப்போம். ஆற்றோரத்தில் கூட்டைக் கண்டால் கலைக்காமல் இலாகாவுக்குத் தெரிவிப்போம். களைக்கொல்லி தெளித்த தோம்புகளை ஓடையில் கழுவுவதைத் தவிர்ப்போம். தோட்டத்து ஓடை ஆற்றில்தான் சேர்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போம்.