பதம் பார்த்துத் தூய்மை அறிவோம்



'விஸ்காசிட்டி' என்றதும் நம்மில் பலருக்கு ரெக்கார்டு நோட்டுதான் ஞாபகத்துக்கு வரும். மார்க்குக்காக எழுதிவிட்டு மறந்துபோகிற இந்தச் சோதனை, ஒரு திரவத்தில் வேறு எதுவும் கலந்திருக்கிறதா என்பதையும் காட்டிக்கொடுக்கும்.

திரவத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நழுவும்போது ஏற்படும் உள் உராய்வே விஸ்காசிட்டி. தமிழில் பாகுநிலை என்பார்கள், பொருத்தமான பெயர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப்படிப்பைத் தாண்டியது நான்தான். ஆனால் அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது, அது கரண்டியிலிருந்து வழிகிறதைப் பார்த்தே அம்மா பதம் சொல்லிவிடுவார். நாமும் பதம்தான் பார்க்கிறோம். கண்ணுக்குப் பதில் ஸ்டாப் வாட்ச், அவ்வளவுதான்.

ரெட்வுட் கருவியில் குறிமுள் வரை எண்ணெய் ஊற்றி, வெப்பநிலை நிலையானதும் பந்து வால்வைத் தூக்குகிறோம். அடியிலுள்ள சிறு துளை வழியாக 50 மி.லி. இறங்க எத்தனை நொடி? அதுவே ரெட்வுட் நொடி. நீர்த்த திரவங்களுக்கு ஆஸ்ட்வால்ட் போன்ற நுண்குழாய்க் கருவி ஏற்றது.

கிளிசரினைப் பாருங்கள். 20 டிகிரி செல்சியஸில் தூய கிளிசரின் சுமார் 1410 சென்டிபாய்ஸ். எடையில் 10 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் சுமார் 219! ஆறில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத கலப்பு, கடிகாரத்துக்குத் தெரிகிறது.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

ஒன்று, வெப்பநிலை. அதே தூய கிளிசரின் 30 டிகிரியில் சுமார் 612தான். 5 சதவீதம் தண்ணீர் கலந்தது 20 டிகிரியில் சுமார் 523. தெர்மாமீட்டரைப் பார்க்காதவர், சூடான நல்ல சரக்கைக் கலப்படம் என்று சொல்லிவிடுவார்.

இரண்டு, என்ன கலந்திருக்கலாம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். 20 டிகிரியில் தண்ணீர் 1.0, தூய எத்தனால் 1.2. எடையில் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 2.9! இரண்டு நீர்த்த திரவங்கள் சேர்ந்து கெட்டியாகின்றன. ஆகவே ஒரே அளவு இரண்டு வேறு கலவைகளைக் குறிக்கக்கூடும். பழைய இன்ஜின் ஆயிலிலும் இப்படித்தான்: டீசல் கசிந்து கலந்தால் நீர்க்கும், கரி சேர்ந்தால் தடிக்கும், இரண்டும் சேர்ந்தால் நல்ல ஆயில் போலவே காட்டும்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அப்பா வாடகைக்குச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். ஒரே வருடத்தில் இரண்டு தடவை டீசல் பம்பைக் கழற்ற வேண்டிவந்தது. "டீசல்ல மண்ணெண்ணெய் கலந்திருக்குப்பா" என்றார் மெக்கானிக். பம்பின் பிளஞ்சருக்கு அந்த டீசலேதான் மசகு. நீர்த்துப்போனால் உலோகத்தோடு உலோகம் தேயும். நம் நாட்டு டீசல் தரம் 40 டிகிரியில் 2.0 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ். மண்ணெண்ணெய் இதைவிட நீர்த்தது. ஆனால் எல்லை அகலமாக இருப்பதால், கொஞ்சம் கலந்தாலும் டீசல் இந்த எல்லைக்குள்ளேயே நிற்கலாம். எனவே அடர்த்தி போன்ற மற்ற சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும். பங்க்கில் அடர்த்தியைச் சோதித்துக் காட்டும்படி கேட்க வாடிக்கையாளருக்கு உரிமையும் உண்டு. அப்பா இப்போது கேட்கிறார்.

தோழர்களே, அடுத்த முறை லேபில் பக்கத்து பெஞ்சு ரீடிங்கைக் காப்பியடிக்க வேண்டாம். நொடியையும் டிகிரியையும் நாமே பார்த்து எழுதுவோம். நாளை நாம் போடும் கையெழுத்தை நம்பி யாரோ ஒருவர் வண்டி ஓட்டப்போகிறார்.