‘உரியவர்கள்’ என்று ஒருவரும் இல்லை, பிள்ளை

அன்பின் பிள்ளைக்கு,

சென்ற ஞாயிறு உமது குளக்கட்டுக் கட்டுரையை வாசித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். “உரியவர்கள் கவனத்தில் எடுப்பார்களா?” என்று முடித்திருக்கிறீர். வன்னி நிருபர்களின் எழுத்தில் இந்த வரியை நான் எத்தனை தரம் வெட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. உம்மிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

யார் அந்த உரியவர்? அவருக்கு ஒரு பதவி இல்லையா, கந்தோர் இல்லையா, கையெழுத்து இல்லையா? முழுப்பக்கம் எழுதிய நீர், அவரைத் தேடும் வேலையை அவரிடமே ஒப்படைத்துவிட்டீர். அவர் தேநீர் குடித்தபடி உமது கட்டுரையை வாசித்து, “உண்மைதானே, ஆராவது கவனிக்கத்தான் வேணும்” என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லியிருப்பார். அந்த வரி அவருக்குத் தரும் நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

தகவலறியும் உரிமைச் சட்டத்தைப் பற்றி உமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தை நீர் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர் என்று உமது விண்ணப்பத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகவே நேரே குற்றத்துக்கு வருகிறேன்.

முதற் குற்றம்: “நீர்ப்பாசனத் திணைக்கள அதிகாரிகளின் அசமந்தம்” என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறீர். அந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் வயல் என்று நீரே மூன்றாம் பந்தியில் சொல்கிறீர். இருநூறு ஏக்கருக்கு, அதாவது 80 ஹெக்டேயருக்குக் குறைந்த குளம் சிறுகுளம். சிறுகுளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில். அது கொழும்பில் ஆணையாளர் நாயகம் இருக்கிற மத்திய அரசுத் திணைக்களம். பெருங்குளமான இரணைமடு மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. அலைகரையும் துருசும் வானும் இரண்டிலும் உண்டு, ஆனால் கோப்பு இருக்கிற அலுமாரி வேறு. நீர் திட்டியது ஒரு கந்தோரை, குளக்கட்டைத் திருத்தும் வேலையைச் செய்தது இன்னொரு கந்தோர். திட்டு வாங்கியவர் மறுப்பு அறிக்கை விடுவார். வேலை செய்தவர் வாய் திறக்கத் தேவையே இல்லை.

இது குளத்தோடு நிற்கிற சங்கதியல்ல. ஏ வகை, பி வகை வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி வகை என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்ளூர் ஒழுங்கை என்றால் பிரதேச சபை. ஒரே குழிக்கு மூன்று கதிரை இருக்கிற நாட்டில், குழியைப் படம் பிடித்துப் போடுவது செய்தியில் பாதிதான். மற்றப் பாதி எந்தக் கதிரை என்பது. வவுனியாவில் பொருளாதார மத்திய நிலையத்துக்கு ஓமந்தையா தாண்டிக்குளமா என்று 2016இல் மாகாணமும் மத்தியும் இழுபட்டதை மறக்கவேண்டாம். கடைசியில் மூன்றுமுறிப்பில் கட்டிடம் எழும்பியது. எழும்பிய பிறகும் பூட்டியே கிடந்தது. ஆர் பொறுப்பு என்று கேட்டவர்களுக்கு ஆளாளுக்கு மற்றவரைக் கை காட்டினார்கள். மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்த பிறகு சிக்கல் கூடிவிட்டது. ஆளுநரை நியமிப்பவர் சனாதிபதி. ஆகவே “மாகாணம்” என்று நீர் எழுதுகிற இடத்திலும் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் இல்லை. அதையும் வாசகருக்குச் சொல்லும்.

இப்போது என் பழைய வியாதிக்கு வருகிறேன். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 9.

எல்லாரும் விண்ணப்பம் போட்டுக் கேட்கிற உரிமையைப் பற்றியே பேசுகிறார்கள். கேட்காமலே சொல்லவேண்டிய கடமையை ஒருவரும் பேசுவதில்லை. ஒரு திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே, தன்னிடமுள்ள தகவல் முழுவதையும் பொதுமக்களுக்கும், அந்தத் திட்டத்தால் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்கவேண்டியது விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சரின் கடமை என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அவசரத் திட்டம் என்றால் ஒரு கிழமை முன்பு. வெளிநாட்டு நிதி என்றால் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல். உள்நாட்டு நிதி என்றால் எவ்வளவுக்கு மேல் தெரியுமா? ஐந்து இலட்சம் ரூபாய். இன்றைக்கு ஐந்து இலட்சத்துக்கு என்ன வரும்? பெக்கோவைக் கொண்டுவந்து சில நாள் வேலை செய்வித்தாலே அந்தக் காசு முடிந்துவிடும். அப்படியென்றால் வன்னியில் நடக்கிற அநேகமாக எல்லா வேலையும் இதற்குள் அடங்கும். உமது குளமும் அடங்கும்.

அந்தக் கிராமத்தில் எவருக்காவது மூன்று மாதம் முன்பு ஏதாவது அறிவித்தார்களா? கமநல சேவை நிலையத்தின் சுவரில் மதிப்பீட்டை ஒட்டினார்களா? ஒப்பந்தம் கமக்காரர் அமைப்பின் பெயரில் போனது என்று எழுதியிருக்கிறீர், நல்லது. பெக்கோவும் டிப்பரும் ஆருடையவை? அமைப்பின் பெயரில் ஒப்பந்தத்தை எடுத்து, வேலையை வேறொருவர் செய்வது இங்கே புதினமல்ல. இதையெல்லாம் வேலை முடிந்து கிரவல் கழுவுண்ட பிறகு கேட்டால் தகராறு. முன்பே சுவரில் இருந்திருந்தால் கிழவன்மாரே டிப்பர் லோட்டை எண்ணியிருப்பார்கள். நான் சந்திக்கிற எல்லா நிருபரிடமும் இதைச் சொல்லி அலுத்துவிட்டேன். அவர்களும் கேட்டு அலுத்துவிட்டார்கள். நீர் புதிதாக வந்திருக்கிறீர், உமக்கும் சொல்கிறேன்.

அரசாங்க உத்தியோகத்தர் என்றாலே கள்ளர் என்ற தொனி உமது எழுத்தில் அடியோட்டமாக ஓடுகிறது. அது எனக்கு ஏன் எரிச்சல் மூட்டுகிறது என்று சொல்லவேண்டும். நீர் அப்போது சின்னப்பிள்ளை.

2009 தொடக்கத்தில் சுதந்திரபுரம் பக்கம் ஒரு விதானையாரைக் கண்டேன். தறப்பாளின் கீழ் இருந்தார். குடும்பப் பதிவேட்டை யூரியா பையால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, மடியில் வைத்திருந்தார். உலர் உணவுப் பட்டியலுக்காக இடம்பெயர்ந்த சனத்தைத் தேடித்தேடிப் பதிந்துகொண்டிருந்தார். குடும்பத்தலைவர் பெயர், பழைய பிரிவு, இப்போது இருக்கிற இடம், தலை எத்தனை. ஒரு தாய் இரண்டு தரம் பெயர் கொடுக்கப் பார்த்தார். விதானையார் பழைய பக்கத்தைப் புரட்டி, “அம்மா, உங்களை உடையார்கட்டில பதிஞ்சாச்சு” என்றார். ஷெல் விழுகிற சத்தத்துக்குள் இந்த ஒழுங்கு. எனக்கு அப்போது விசராகத்தான் பட்டது.

அப்படிப்பட்ட பதிவேடுகள் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து கச்சேரிக்குப் போய், ஒரு தொகையாகின. அந்த ஆண்டு பெப்ரவரியளவில் முல்லைத்தீவு மேலதிக அரசாங்க அதிபர் அறிக்கையிட்ட சனத்தொகை ஏறத்தாழ 330,000. அதே காலத்தில் கொழும்பு உலகத்துக்குச் சொன்னது எழுபதாயிரம் அளவு. அவருடைய எண் ஆதாரமற்றது என்று அமைச்சிலிருந்து கண்டிப்புக் கடிதம் போனது. யுத்தம் முடிந்து முகாம்களில் எண்ணினபோது ஆர் சொன்னது சரி என்று தெரிந்தது. 280,000க்கு மேற்பட்ட சனம் உயிரோடு வெளியே வந்திருந்தது. எழுபதாயிரம் எங்கே, இது எங்கே! எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னதற்கும் உள்ளே போன உணவு, மருந்து குறைந்ததற்கும் உள்ள தொடர்பை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது.

அதே 2011ஆம் ஆண்டு சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்ததும் கணக்குத்தான். கச்சேரிக் கணக்கின்படி 2008 ஒக்ரோபரில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. ஐ.நா. கணக்கின்படி 2009 ஜூலை வரை வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679. இவர்கள் எல்லாரும் இறந்தார்கள் என்று ஆண்டகை சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அரசாங்கத்தின் சொந்தத் தாளை அரசாங்கத்தின் மேசையில் வைத்துக் கேட்ட கேள்வி என்றபடியால்தான் அதைப் பிரச்சாரம் என்று தள்ளிவிட முடியவில்லை. அந்தத் தாளின் அடியில் இருப்பது யூரியா பையோடு திரிந்தவர்களின் வேலை. ஆகவே, “அதிகாரிகள்” என்று எல்லாரையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டாதையும். கணக்கை ஒழுங்காக எழுதியவரும் இருக்கிறார், எழுதியதை மறைத்தவரும் இருக்கிறார். இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுவதுதான் உமது தொழில்.

இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரிது. அளவீட்டுத் தாளை நீர் கேட்டீர். மூன்றாந் தரப்பின் வர்த்தக நலன் பாதிக்கப்படும் என்று மறுத்துவிட்டார்கள். நீர் உடனே “தகவல் தர மறுப்பு” என்று எழுதிவிட்டீர். பதில் கடிதத்தைப் படமெடுத்தும் போட்டிருக்கிறீர், அதுவும் கடித இலக்கம் வெட்டுப்பட்ட படம். மறுப்பு ஒரு செய்தியல்ல, பிள்ளை. மறுப்பிலிருந்துதான் வேலை தொடங்குகிறது. பொதுப்பணத்தில் கொட்டிய மண் எத்தனை கியூப் என்பது எந்தக் கம்பனியின் இரகசியம்? அப்படியே இரகசியமாக இருந்தாலும், பொதுநலன் பெரிதென்றால் வெளியிடத்தான் வேண்டும் என்று, மறுக்க இடம் தருகிற அதே ஐந்தாம் பிரிவு சொல்கிறது. குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்ய 14 நாள். அவர் முடிவு சொல்ல மூன்று கிழமை. அதுவும் சரிவராவிட்டால் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போக இரண்டு மாதம். ஆணைக்குழுவின் முன்னால் நீர் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. மறுத்தது சரி என்று நிரூபிக்கவேண்டியது கந்தோர். இவ்வளவு வசதியான வழக்கு வேறெங்கே கிடைக்கும்?

சில கந்தோர்களில் இன்னமும் தாபன விதிக்கோவையைக் காட்டுவார்கள், ஊடகத்துக்குத் தகவல் சொல்லக்கூடாதாம் என்று. வேறெந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று நாலாம் பிரிவில் இருக்கிறது. கொழும்பிலிருந்து சிங்களத்தில் பதில் வந்தால் திருப்பி அனுப்பும். வடக்கில் நிருவாக மொழி தமிழ் என்பது அரசியலமைப்பில் உள்ளது.

விடாமல் போவதன் அருமையை எங்கள் தாய்மாரைக் கேட்டால் தெரியும். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 பெப்ரவரி 3. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியது அதே மாதம் 20ஆம் திகதி. கேட்டது ஒரு பட்டியல். சரணடைந்தவர்களின் பட்டியல் தங்களிடம் இருக்கிறது என்று 58ஆவது படையணியின் தளபதி 2015 இறுதியில் முல்லைத்தீவு நீதிமன்றத்தில் சொல்லியிருந்தார். 2017 ஜூனில் யாழ்ப்பாணத்தில் அந்தக் குடும்பங்களைச் சந்தித்த சனாதிபதி மைத்திரிபால சிறிசேன பட்டியலை வெளியிடச் செய்வதாகச் சொன்னார். பிறகு ஓர் ஊடகவியலாளர் இந்தச் சட்டத்தின் கீழ் கேட்டபோது இராணுவம் எழுத்தில் தந்த பதில் என்ன? இராணுவத்திடம் எவரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடம்தான் சரணடைந்தார்கள் என்று. பாரும், எந்தக் கதிரை என்ற கேள்வி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று. ஆனால் அந்தப் பதில் இப்போது திகதியோடு கடிதமாக இருக்கிறது. நீதிமன்றத்தில் சொன்னதையும் கடிதத்தில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பொய் எந்த இரண்டு திகதிகளுக்கு இடையில் பிறந்தது என்று தெரியும். பட்டியல் கிடைக்கவில்லை. கேட்டதால் அந்த முரண் பதிவானது.

நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லையா என்று நினைப்பீர். கிடைத்தது. நாலாம் பந்தியில், மழையில் ஊறின கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இரண்டு கமக்காரரை நாடாவின் அந்தத் தலைப்பைப் பிடிக்கவைத்து, மேலகலத்தை இடத்துக்கிடம் அளந்து, மதிப்பீட்டில் உள்ளதற்கு நேரே எழுதினீரே, அதை இரண்டு தரம் வாசித்தேன். அலைகரையில் கல்லடுக்கு எந்த இடத்தில் நின்றுபோனது என்று துருசிலிருந்து தூரம் குறித்தது அதைவிட அருமை. கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் வந்தாலும் அதற்கு மேல் செய்யமாட்டார்கள். இந்த மாவட்டத்தில் இப்படி எழுத இன்றைக்கு ஒருவரும் இல்லை. எங்கள் காலத்திலும் இருக்கவில்லை. அந்தப் பந்தியை எழுதிய கைதானா கடைசி வரியையும் எழுதியது என்று நம்பவே கஷ்டமாக இருக்கிறது.

படத்தில் கடித இலக்கம் வெட்டுப்பட்டாலும் திகதி தெரிகிறது. மேன்முறையீட்டுக்கு நாள் இன்னும் இருக்கிறது. திங்கட்கிழமையே போடும், பதிவுத் தபாலில் போடும், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையும். உமது நாடா அளவுகளை இணைத்து, அளவீட்டுத் தாளோடு அலைகரைக் கல்லடுக்குக்குக் கொடுத்த காசின் வவுச்சரையும் புதிய விண்ணப்பமாகக் கேளும். பிரிவு 9இன்படி மூன்று மாத முன்னறிவித்தல் எந்தத் திகதியில், எந்த இடத்தில் செய்யப்பட்டது என்றும் ஒரு கேள்வி போடும். அதற்கு வருகிற பதிலைப் பார்க்க எனக்கும் ஆசை.

அடுத்த கட்டுரையின் முதல் வரியில் பதவியின் பெயர் இருக்கவேண்டும். கடைசி வரியில் கேள்விக்குறி இருந்தால் நான் வாசிக்கமாட்டேன்.

அன்புடன்,
ஒரு பழைய பிரதேச நிருபர்
கிளிநொச்சி