மறதி நோய் மாத்திரையும் நம் வீட்டுப் பெரியவர்களும்



சென்ற ஆண்டு நமது மருத்துவ உதவிக் குழுவுக்கு ஒரு மனு வந்தது. 78 வயதுத் தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, அறுவை சிகிச்சைக்கு உதவுங்கள் என்று மகன் எழுதியிருந்தார். தொகையைக் கொடுக்கப் போன இடத்தில் மருமகள் சொன்னார்: "மாமிக்கு ஆறு மாசமா சாப்பாடே இறங்கல. அடிக்கடி வாந்தி. நாலஞ்சு தடவை கண்ணு இருட்டுதுன்னாங்க. வயசாயிடுச்சு, மறதி நோயும் முத்திருச்சு போலன்னு இருந்துட்டோம்."

மருத்துவமனையில் பார்த்தபோது நாடித்துடிப்பு 42 தான் இருந்ததாம். மறதி நோய்க்காக டோனெபெசில் 10 மில்லிகிராம், இரத்த அழுத்தத்துக்காக அட்டெனொலால். இரண்டுமே இதயத்துடிப்பைக் குறைக்கக்கூடியவை. மருத்துவர் மருந்துகளை மாற்றி அமைத்தார். சில வாரங்களில் வாந்தி நின்றது, பெரியம்மா மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். மாத்திரையால்தான் விழுந்தார் என்று மருத்துவர் அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை நாம் மறைக்க முடியாது. அந்த மாத்திரையை எட்டு மாதமாக ஒரே பழைய சீட்டைப் பார்த்து வாங்கிக் கொடுத்தது நாம்தான். மருத்துவரிடம் திரும்பக் காட்டினீர்களா என்று ஒரு முறைகூட நாம் கேட்கவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடம் இது.

இந்த மருந்து என்ன செய்கிறது?

நரம்புகள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்ப அசிட்டைல்கோலின் என்ற பொருள் உதவுகிறது. வேலை முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். அல்சைமர் என்னும் மறதி நோயில் மூளையில் அசிட்டைல்கோலின் குறைந்துபோகிறது. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கலன்டமின் ஆகிய மூன்று மருந்துகளும் அந்த நொதியைத் தடுத்து, இருக்கிற அசிட்டைல்கோலினைக் கூடுதல் நேரம் நிற்க வைக்கின்றன. இவை நோயைக் குணமாக்குவதில்லை. சிலருக்கு மறதி மோசமாவதைச் சில காலம் தள்ளிப்போடுகின்றன. அதுவும் குடும்பத்துக்குப் பெரிய உதவிதான்.

சிக்கல் என்னவென்றால், அசிட்டைல்கோலின் மூளையில் மட்டும் இல்லை. இதயம், இரைப்பை, குடல், நுரையீரல், சிறுநீர்ப்பை எல்லாவற்றிலும் அதற்கு வேலை உண்டு. வயலில் தெளிக்கும் பல பூச்சிமருந்துகள் தாக்குவதும் இதே நொதியைத்தான். பூச்சிமருந்து குடித்தவருக்கு வாயில் நீர் ஊற்றி, வாந்தி எடுத்து, மூச்சுத் திணறுவது அதனால்தான். மாத்திரையின் வேகம் அதைவிட மிகக் குறைவு, அது பயன்படுகிற மருந்துதான். ஆனால் உடம்பில் அளவு கூடினால் தொல்லை அதே பாதையில் வரும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

1. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, பசியின்மை, எடை குறைவு. மருந்து தொடங்கியபோதும் அளவைக் கூட்டியபோதும் இவை அதிகம் வரும்.

2. நாடித்துடிப்பு குறைதல், தலைசுற்றல், மயக்கம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து மறதி நோயாளிகளைப் பற்றி 2009-ல் ஓர் ஆய்வு வெளியானது. இம்மருந்து எடுத்தவர்களில் 1000 பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 31 பேர் மயக்கத்துக்காக மருத்துவமனைக்கு வந்தார்கள். எடுக்காதவர்களில் அது சுமார் 19. இடுப்பெலும்பு முறிவும், பேஸ்மேக்கர் வைப்பதும்கூட மருந்து எடுத்தவர்களிடம் அதிகம் இருந்தன.

3. சிறுநீரை அடக்க முடியாமை.

4. பயங்கரக் கனவு, தூக்கமின்மை, தசைப்பிடிப்பு.

5. ஆஸ்துமா, வீசிங் உள்ளவர்களுக்கு மூச்சிரைப்பு கூடுதல்.

6. வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கும், மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இரைப்பையில் இரத்தக் கசிவு. மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்கக் கூடாது.

மறதி நோய் உள்ளவர் தன் தொல்லையைத் தானே எடுத்துச் சொல்ல மாட்டார். "வாப்பா சாப்பிட மாட்டேங்கிறாங்க, பிடிவாதம்" என்று நாம் நினைப்பது குமட்டலாக இருக்கலாம். வாயில்லாதவருக்கு நாம்தான் வாய்.

மருந்துக்கு மேல் மருந்து

பல வீடுகளில் நடக்கும் தவறு இது. மாத்திரையால் சிறுநீர் கசிகிறது. அதை வேறு நோய் என்று நினைத்து இன்னொரு மருத்துவரிடம் காட்டுகிறோம். பழைய மாத்திரையைச் சொல்லாததால் அவர் ஆக்சிபியூட்டினின், டால்டெரோடின் போன்ற ஒன்றை எழுதுகிறார். அது அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. ஒரு மாத்திரை கூட்டுகிறது, மற்றது தடுக்கிறது. மறதி மேலும் மோசமாகலாம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும் இந்த வகைதான். மெட்டோப்ரொலால், டில்டியாசெம், டிகாக்சின் போன்ற இதய மருந்துகள் சாப்பிடுபவர் என்றால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை என்றால் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

தோலில் ஒட்டும் பேட்ச்

ரிவாஸ்டிக்மின், பேட்ச் ஆகவும் வருகிறது. 24 மணி நேரத்துக்கு ஒன்று மட்டும். பழையதை எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். முதுகில் ஒட்டிய பழையதை மறந்து, மேலும் மேலும் ஒட்டியதால் மருந்து மிகுந்து ஆபத்தானவர்கள் உண்டு. ஒட்டும்போது தேதியை எழுதிவையுங்கள், ஒரே ஆள் அந்தப் பொறுப்பை ஏற்கட்டும். ரிவாஸ்டிக்மின் மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. குறைந்த அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேளுங்கள்.

என்ன செய்யலாம்?

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக்கே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் மறதியும் நடத்தையும் சட்டென்று மோசமாகலாம். மேலே சொன்ன தொல்லை இருந்தால் எல்லா மருந்துகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய், "இது மாத்திரையால் இருக்குமா?" என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். நாடித்துடிப்பையும் எடையையும் பார்க்கச் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா, மருந்தையே நிறுத்துவதா என்பது அவர் முடிவு.

மயங்கி விழுந்தாலோ, வாயில் நீர் ஊற்றி, வியர்த்து, மூச்சு முட்டினாலோ 108-ஐ அழையுங்கள். பேட்ச் ஒட்டியிருந்தால் உடனே எடுத்துவிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். டோனெபெசில் உடம்பை விட்டு வெளியேறப் பல நாள் ஆகும். ஒரு வேளை நிறுத்தினோம், சரியாகிவிடும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள்.

ரமளானில் மருந்து நேரத்தைச் சஹருக்கும் இஃப்தாருக்கும் நாமாக மாற்ற வேண்டாம். மருத்துவரையும் ஆலிமையும் முன்கூட்டியே கேளுங்கள். இயலாத முதியவருக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

நமது புதிய ஏற்பாடு

இனி நமது டிரஸ்ட்டில் மறதி நோய் மருந்துக்கு உதவி பெறுபவர்கள், மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்டிப் புதிய சீட்டைக் கொண்டுவர வேண்டும். மருத்துவர் கட்டணத்துக்கும் ஆட்டோ செலவுக்கும் வசதியில்லாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், அதையும் டிரஸ்ட்டே ஏற்கும். பழைய சீட்டைப் பார்த்து மருந்து வாங்கிக் கொடுப்பதோடு கடமை முடிந்தது என்று இனி நாம் இருக்க மாட்டோம்.

நம்மைத் தூக்கி வளர்த்தவர்களின் தள்ளாத காலத்தில் அவர்களைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.