கொல்கத்தா தேசிய நூலகம்: முதல் முறை போகிறவருக்கு முழுமையான வழிகாட்டி

தேசிய நூலகம் என்றால் பேராசிரியர்களுக்கு மட்டும்தான் என்று பலர் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம். நம் வரிப்பணத்தில் நடக்கிற இடம் அது. ஊர் வரலாறு எழுதும் பள்ளி ஆசிரியருக்கும், தாத்தா பதிப்பித்த புத்தகத்தைத் தேடும் பேத்திக்கும் அங்கே இடம் உண்டு.

1. இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

அலிப்பூரில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது பெல்வெடேர் வளாகம். வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர்கள் குடியிருந்த மாளிகை அதற்குள் இருக்கிறது. 1903இல் வைஸ்ராய் கர்சன் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த இம்பீரியல் நூலகம், 1948இல் தேசிய நூலகம் என்று பெயர் மாறியது. 1953இல் மௌலானா ஆசாத் அதை இந்த வளாகத்தில் திறந்துவைத்தார். படிப்பதற்கு மாளிகைக்குப் போக வேண்டாம். அதே வளாகத்தில் உள்ள பாஷா பவனுக்குப் போங்கள்.

2. ரயில் ஏறுமுன் கன்னிமாராவில் தேடுங்கள்

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் தலா ஒரு பிரதியைப் பதிப்பாளர் தம் செலவில் கொல்கத்தாவுக்கும் வேறு மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அந்த மூன்றில் ஒன்று சென்னை எழும்பூரில் உள்ள கன்னிமாரா நூலகம். ஆகவே 1954க்குப் பின் வந்த தமிழ் நூல் அங்கேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்லாப் பதிப்பாளர்களும் ஒழுங்காக அனுப்பிவிடுவதில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

அப்படியானால் கொல்கத்தா எதற்கு? வையாபுரிப் பிள்ளைக்காகவே போகலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதிக்குப் பதிப்பாசிரியராக இருந்த அவர் சேர்த்த அச்சு நூல்களும் சுவடிகளும் இன்று அங்கேதான் இருக்கின்றன. பழைய பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவருக்கு அதைவிடப் பெரிய செல்வம் வேண்டியதில்லை.

3. கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

அலமாரிகளுக்கு நடுவே உலாவித் தேர்ந்தெடுக்கும் நூலகம் இல்லை இது. நூலட்டவணைதான் உங்கள் கண். “தமிழ் நாடகம்” என்று தேடினால் மலைத்துப் போவீர்கள். ஆசிரியர், ஆண்டு, அச்சகம் என ஏதாவது ஒரு நுனி கையில் இருக்கட்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதியிருப்பார்கள். பிள்ளை, முதலியார் போன்றவற்றோடும் இல்லாமலும், முன்னெழுத்தை மாற்றியும் பொறுமையாகத் தேடிப் பாருங்கள்.

4. சீட்டு கொடுங்கள், காத்திருங்கள்

வாசகர் அட்டைக்கு அடையாள அட்டையும் புகைப்படமும் கொண்டுபோங்கள். விதிகளும் விடுமுறை நாட்களும் மாறக்கூடும், இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அட்டவணையில் உள்ள நூலின் அழைப்பெண்ணைச் சீட்டில் பிழையில்லாமல் எழுதிக் கொடுங்கள். ஓர் இலக்கம் தவறினாலும் வேறு புத்தகம்தான் வரும். புத்தகம் வர நேரமாகும். ஒரே நாளில் எல்லாம் முடியும் என்று திட்டமிடாதீர்கள்.

5. தமிழ்ப் பிரிவில் பேசுங்கள்

இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். முக்கிய இந்திய மொழிகளுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. “இன்னாரைப் பற்றித் தேடுகிறேன், இவ்வளவு பார்த்துவிட்டேன்” என்று தமிழ்ப் பிரிவில் சொல்லுங்கள். அட்டவணையில் சிக்காத நூலைப் பல ஆண்டுப் பழக்கத்தில் எடுத்துத் தருகிறவர்கள் நூலகர்கள்.

6. குறிப்பெடுங்கள்

பென்சிலும் நோட்டும் போதும். நொறுங்கும் நிலையிலுள்ள தாள்களை நகலெடுக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். தலைப்புப் பக்கம், பதிப்பாண்டு, அச்சகம், முன்னுரை எழுதியவர், அழைப்பெண் ஆகியவற்றை முதலில் குறித்துவிட்டுப் பிறகு உள்ளே படியுங்கள். கிளம்புமுன், மறுநாளுக்கு வேண்டிய நூல்களை எடுத்துவைக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.